மஞ்சள் வில்லை

இது நடந்தது 1999 மே மாதம் 16ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் ஐந்தரை மணியிலிருந்து ஆறேகால் வரை. நேரத்தை இவ்வளவு சரியாகச் சொல்கிறேன் என்றால், அந்த முக்கால் மணி நேரத்தில் கைக்கடிகாரத்தை எத்தனை தடவை பார்த்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். கனவு இல்லை. காய்ச்சல் இல்லை. பட்டினியும் இல்லை. மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

என் பெயர் ஐரின். திண்டுக்கல் மேட்டுப்பட்டி. அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. பேகம்பூரில் சாகுல் ஹமீது பாய் வீட்டு மாடியில் டிவிக்கு ஸ்டெபிலைசர் செய்யும் பட்டறை இருந்தது. அங்கே நானும் நர்கீஸ் அக்காவும் வேலை பார்த்தோம். பாய் சாமான் வாங்கிப் போடுவார். நாங்கள் ஈயம் பற்றவைத்து, பெட்டியை மூடி, ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவோம்.

பெட்டிக்குள்ளே ஒரு ரூபாய்க் காசு அளவில் நீல நிறத்தில் ஒரு வில்லை இருக்கும். மின்னல் நேரத்தில் கரண்ட் கம்பி வழியாகத் திடீரென்று ஏகப்பட்ட வோல்டேஜ் பாய்ந்து வரும். அப்போது அந்த வில்லை குறுக்கே நின்று, தான் கருகி, பியூஸையும் எரியவைத்து டிவியைக் காப்பாற்றும். அந்த ஒரு வில்லையை நம்பித்தான் எங்கள் பெட்டி மேல் சிவப்பு எழுத்தில் 'மின்னல் பாதுகாப்பு உள்ளது' என்று ஸ்டிக்கர் ஒட்டினோம். ஜனங்களும் அதை நம்பித்தான் வாங்கினார்கள். அந்தக் காலத்து டிவிக்கு உள்ளே அப்படி ஒரு பாதுகாப்பும் கிடையாது. இடி இடித்தால் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்க வேண்டும். எங்கள் பெட்டி இருந்தால் அது வேண்டாம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

1998 டிசம்பர் 23. பாய் சென்னை போயிருந்தார். நர்கீஸ் அக்கா லீவு. மதுரையிலிருந்து வர வேண்டிய வில்லை பார்சல் வரவில்லை. மேஜை மேல் ஐந்து பெட்டிகள், வில்லை மட்டும் இல்லாமல், திறந்து கிடந்தன. கீழே கடைக்காரருடைய வேன் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது.

பாய் போனில் தெளிவாகச் சொன்னார். "வில்லை இல்லாம ஒரு பெட்டியும் கீழ எறங்கக் கூடாதும்மா. வேனை நாளைக்கு வரச் சொல்லு."

"சரி பாய்," என்றேன்.

நாளைக்கு என்றால் 24ஆம் தேதி. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். தையல்காரரிடம் சட்டை வாங்க வேண்டும். வீட்டில் முறுக்குப் பிழிய வேண்டும். மறுபடி பட்டறைக்கு வர எனக்கு மனசில்லை. வில்லை இல்லாவிட்டாலும் டிவி ஓடத்தானே போகிறது, மின்னல் எத்தனை வீட்டில் விழப்போகிறது என்று நினைத்தேன். ஐந்து பெட்டியையும் மூடினேன். ஸ்டிக்கர் ஒட்டினேன். ஒன்று கோணலாகிவிட்டது. அதைப் பிரித்து நேராக ஒட்டினேன்.

நாலு மாதம் எதுவும் நடக்கவில்லை. நானும் மறந்துவிட்டேன்.

ஏப்ரல் மூன்றாவது வாரம் கன்னிவாடியிலிருந்து ஒருவர் பெட்டியோடு வந்தார். முந்தின நாள் இடியில் டிவி கருகிவிட்டதாம். பாய் தொழுகைக்குப் போயிருந்தார். நானே திறந்தேன். வில்லை இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அவசரமாக ஒரு வில்லையை வைத்துப் பற்றவைத்து, "பியூஸ் கோளாறுண்ணே," என்று சொல்லி அனுப்பினேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து தூக்கம் போனது. ஒவ்வொரு மின்னலுக்கும் எழுந்து உட்கார்ந்து, இடி வரும்வரை எண்ணினேன். அடுத்த ஞாயிறு கோயிலில் சாமியாரிடம் என் தப்பைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன்.

சாமியார் கேட்டார். "மீதி நாலு பெட்டி எங்க இருக்கு?"

"பெட்டி நம்பரும் விலாசமும் கியாரண்டி கார்டுல இருக்கு சாமி."

"அப்ப போய்ச் சரி பண்ணும்மா. பண்ணிட்டு வா."

பட்டறை வில்லையை எடுத்தால் பாய் கேட்பார். அதனால் மதுரைக்குப் போய் நானே வாங்கினேன். நீலம் கிடைக்கவில்லை. மஞ்சள்தான் இருந்தது. வேலை ஒன்றுதான், நிறம் மட்டும் வேறு. நாலு வில்லை. சின்னாளபட்டியில் ஒன்று, நிலக்கோட்டையில் ஒன்று, வேடசந்தூரில் ஒன்று. கம்பெனி சர்வீஸ் என்று சொல்லி வீடு வீடாகப் போய் மாட்டிவிட்டு வந்தேன். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மோர் கொடுத்தார்கள், பூ கொடுத்தார்கள்.

கடைசிக் கார்டில் இப்படி எழுதியிருந்தது: 'அய்யம்மாள், ஆத்து மேட்டுத் தோட்டம், தாடிக்கொம்பு.'

மே 16. நாலு நாற்பது பஸ்ஸைப் பிடித்து, ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்குத் தாடிக்கொம்பில் இறங்கினேன். வடக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. டீக்கடையில் மெழுகுவர்த்தி எரிந்தது.

"ஆத்து மேட்டுத் தோட்டம் எங்கிட்டுண்ணே?"

டீக்கடைக்காரர் கையை நீட்டிக் காட்டினார். "வண்டிப் பாதையிலயே போ தாயி. கரண்டும் போயி ஒரு மணி நேரமாச்சு. இருட்டுக் கட்டுது, சுருக்கத் திரும்பிரு."

நடந்தேன். இரண்டு பக்கமும் வெங்காயக் காடு. காற்று சுத்தமாக நின்றுவிட்டது. தூரத்தில் மின்னல் வெட்டியது. இடி கேட்டது. இன்னொரு மின்னல், இன்னொரு இடி.

ஐந்தரைக்கு வீடு தெரிந்தது. தனி ஓட்டு வீடு. கூரையில் ஆன்டெனாக் கம்பம். பக்கத்தில் வேறு வீடே இல்லை.

உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது.

ஊரில் கரண்ட் இல்லை. இங்கே டிவி ஓடுகிறது. தோட்டத்து மோட்டார் லைன் வேறாக இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கதவில் கை வைத்தேன். தட்டுவதற்கு முன்பே திறந்துகொண்டது.

"வா. டிவிக்காரப் புள்ளதானே?"

நாற்பது, நாற்பத்தைந்து வயதுப் பெண். நீலச் சேலை. நான் யார் என்று இன்னும் சொல்லவில்லை... தோளில் பை இருந்ததே, அதைப் பார்த்திருப்பாள் என்று நினைத்தேன்.

"அய்யம்மா அக்காவா?"

"நாந்தான்."

உள்ளே பல்பு எரியவில்லை. டிவி வெளிச்சம் மட்டும். பழைய மரப்பெட்டி டிவி, ஷட்டர் வைத்தது. திரையில் படம் இல்லை. நடுவில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. ஸ்பீக்கரில் 'ங்ங்ங்...' என்று ஒரே சத்தம்.

அய்யம்மாள் அதற்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தாள்.

"படம் நல்லாத் தெரியுதுல்ல?"

எனக்குக் கோடுதான் தெரிந்தது.

ஒரு வாடை வந்தது. எனக்குப் பழக்கமான வாடை. டிரான்ஸ்பார்மர் சுருள் கருகினால் வருமே, அது. கூடவே இன்னொன்றும் இருந்தது. அது என்னவென்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

தண்ணீர் கொடுத்தாள். இடது கையால் கொடுத்தாள். வலது கை முந்தானைக்குள்ளேயே இருந்தது.

சொம்பை வாங்கினேன். ஜில்லென்று இருந்தது. குடிக்கத் தோன்றவில்லை.

"எதுக்கு வந்தே?"

"சும்மா... சர்வீஸுக்குக்கா."

மறுபடி டிவி முன்னால் போய் உட்கார்ந்தாள். பிறகு அதே குரலில், அதே மாதிரி கேட்டாள்.

"எதுக்கு வந்தே?"

"கம்பெனியில எல்லாப் பெட்டியையும் செக் பண்ணச் சொன்னாங்க."

ஜன்னலில் மின்னல் வெட்டியது. வீடே வெள்ளையானது. வழக்கம்போல மனசுக்குள் எண்ணினேன். ஒன்று... இரண்டு... பத்து... இருபது...

இடி வரவில்லை.

மறுபடி மின்னல். மறுபடி எண்ணினேன். இடி இல்லை. ஜன்னலுக்கு வெளியே மழை கம்பி கம்பியாக இறங்குவது தெரிந்தது. தலைக்கு மேலே ஓடு. ஆனால் மழைச் சத்தம் கேட்கவில்லை. 'ங்ங்ங்...' மட்டும்தான்.

மணி ஐந்து நாற்பத்திரண்டு.

சீக்கிரம் முடித்துவிட்டுப் போய்விடலாம் என்று ஸ்டெபிலைசர் பெட்டியருகே குனிந்து மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றினேன். சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினேன்.

வெள்ளைக் கோடு அணையவில்லை.

பழைய டிவியில் அப்படி நடக்கும். பிக்சர் டியூபில் மிச்சம் இருக்கும் கரண்டில் ஒரு விநாடி, இரண்டு விநாடி வெளிச்சம் நிற்கும். பிறகு போய்விடும்.

பத்து விநாடி ஆனது.

அரை நிமிடம்...

பிளக் என் கையில் இருந்தது. கோடு எரிந்துகொண்டே இருந்தது.

"எதுக்கு வந்தே?"

மூன்றாவது தடவை. என் முதுகுக்குப் பின்னால், ரொம்பப் பக்கத்தில். அவள் எழுந்து வந்த சத்தமே கேட்கவில்லை.

"ஒரு சின்ன பார்ட்டுக்கா... மாத்தணும்."

"மாத்தணுமா? போடணுமா?"

கையிலிருந்த ஸ்க்ரூ கீழே விழுந்து உருண்டது.

திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். என் தப்புக்கா, நான்தான் வில்லை வைக்காமல் மூடினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். "மாத்தணும்தான்கா," என்றேன்.

அவள் பெருமூச்சு விட்டாள். என் கழுத்தில் படவேண்டிய மூச்சு. படவில்லை.

"எங்க வீட்டுக்காரர் சொல்வாரு. மின்னல் பாதுகாப்புன்னு பெட்டியிலதான் போட்டிருக்கே, நீ ஏன் சும்மா சும்மா பிளக்கைப் புடுங்கறேன்னு."

ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்னைச் சுவரில் அதே பிளக் பாயிண்டில் சொருகினேன். சூடேற எப்போதும் ஐந்து நிமிடம் ஆகும். உடனே சூடானது. ஈயம் உருகியது. புகை வந்தது. அவசரத்தில் வில்லையின் ஒரு கம்பிக் கால் கோணலாகப் பற்றிக்கொண்டது. பரவாயில்லை என்று விட்டேன். மஞ்சள் வில்லை. பெட்டியை மூடினேன். மூன்று ஸ்க்ரூதான் கிடைத்தது.

ஐந்து ஐம்பத்தெட்டு.

"ஆச்சுக்கா. நான் வாரேன்."

"இரு. மழை விடட்டும்."

இருந்தேன். ஏன் இருந்தேன் என்று தெரியவில்லை.

அவள் கோட்டைப் பார்த்தாள்.

நான் அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தேன்.

ஆறு ஐந்து...

ஆறு பத்து...

"போ," என்றாள்.

வாசல் வரை வந்தாள். "அவரு கெணத்துக்கிட்ட இருப்பாரு. பாத்தா சொல்லு. இடி விழுகுது, வேப்ப மரத்தடியில நிக்க வேணாம், வீட்டுக்கு வந்துரச் சொல்லு."

"சரிக்கா."

வாசலைத் தாண்டிக் கால் வைத்தேன்.

படார்!

அத்தனை இடியும் ஒரே நேரத்தில் கேட்டது. மழைச் சத்தம் காதை அடைத்தது. ஒரே நொடியில் தொப்பலாக நனைந்துவிட்டேன்.

திரும்பிப் பார்த்தேன்.

வீடு இருட்டு.

'ங்ங்ங்' இல்லை.

ஓடினேன்.

கிணற்றுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எப்படி பஸ் ஏறினேன், எப்படி வீடு வந்தேன் என்று தெரியாது. ஈரச் சேலையோடு உட்கார்ந்து, நாலும் முடிந்தது, நாலும் முடிந்தது என்று சொல்லிக்கொண்டேன். அடுத்த ஞாயிறு சாமியாரிடம் போய்ச் சொல்லிவிட்டால் தீர்ந்தது.

மறுநாள் திங்கட்கிழமை, காலை பத்தே முக்கால். மாடிப்படியில் ஒருவர் ஏறி வந்தார். ஐம்பது வயது இருக்கும். மொட்டை அடித்து முடி முளைத்துக்கொண்டிருந்த தலை. கையில் மஞ்சப்பை. அதிலிருந்து எங்கள் பெட்டியை எடுத்து மேஜை மேல் வைத்தார். ஒரு பக்கம் உருகிப்போன பெட்டி.

"எம்பேரு பொன்னழகு. தாடிக்கொம்பு. சண்டைக்கு வரலைங்க பாய். ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கிட்டுப் போகணும். இந்தப் பெட்டியில எதுவும் கொறை இருந்துச்சா? எம்பொண்டாட்டி போயிட்டா. ஏப்ரல் ஏழாந்தேதி வீட்டு ஆன்டெனாக் கம்பத்துல இடி விழுந்துச்சு. டிவியில கை வச்சிருக்கா."

நான் எழுந்து நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை.

பாய் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். பெட்டியில் மூன்று ஸ்க்ரூதான் இருந்தது. மூடியைத் தூக்கினார். உள்ளே எல்லாம் கரி. நடுவில் வில்லை இருந்தது. இரண்டாகப் பிளந்து, வெந்து போயிருந்தது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் நிறம் மிச்சம்.

மஞ்சள்.

ஒரு கால் கோணலாகப் பற்றவைத்திருந்தது.

பாய் அதை அவரிடம் காட்டினார். "பாருங்கண்ணே. இதுதான் மின்னலைத் தாங்கற வில்லை. வெடிச்சிருக்கு. அதால முடிஞ்சதைச் செஞ்சிருக்கு. நேரா கம்பத்துல விழுந்த இடிக்கு எந்தப் பெட்டியும் தாங்காது. இடிச்சா பிளக்கைப் புடுங்கிடுங்கன்னு நாங்களும் எழுதியிருக்கணும். அது எங்க தப்புதான். அல்லா அவங்களுக்கு நல்ல எடம் குடுக்கட்டும்."

பொன்னழகு தலையை ஆட்டினார். பெட்டியை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

நர்கீஸ் அக்கா என்னைப் பார்த்தாள். "என்ன புள்ள, இப்புடி வேர்த்துப் போயிருக்கே?"

படி இறங்கி ஓடினேன். பஸ் நிறுத்தத்தில் அவரைப் பிடித்தேன். ரோட்டில் நின்று, மூச்சு வாங்க, எல்லாவற்றையும் சொன்னேன். டிசம்பர் 23, வேன், பாய் போனில் சொன்னது, நான் மூடியது.

அவர் பொறுமையாகக் கேட்டார். "அதான் உள்ள இருந்துச்சே தாயி. பாய் காமிச்சாரே."

"நேத்துதான்ணே நான் வச்சேன். நேத்து சாயந்தரம் உங்க வீட்டுக்கு வந்து..."

"எந்த வீட்டுக்கு?"

"ஆத்து மேட்டுத் தோட்டம். அய்யம்மா அக்காதான் கதவைத் தொறந்தாங்க."

அவர் முகம் மாறியது. மஞ்சப்பையைக் கீழே வைத்தார். இடுப்பு பெல்ட்டிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினார்.

"பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு வீட்டைப் பூட்டினது. மூணு வாரமாச்சு. சாவி இது ஒண்ணுதான். நான் பழனிக்கிட்ட நெய்க்காரப்பட்டியில அக்கா வீட்டுல இருக்கேன். இந்தப் பெட்டியும் அங்கதான் கட்டிலுக்கு அடியில கெடந்துச்சு. இன்னைக்குக் காலையிலதான் எடுத்தேன். இடி விழுந்த அன்னைக்கே ஈபிக்காரங்க வீட்டுக்கு வர்ற வயரை அறுத்துட்டுப் போயிட்டாங்க. அங்க கரண்டே கிடையாதும்மா."

பஸ் வந்தது. அவர் ஏறவில்லை. போய்விட்டது.

பிறகு கேட்டார். "பேசினாளா?"

"பேசினாங்கண்ணே."

"விழுந்ததுக்கப்புறம் ரெண்டு நாள் உசுரோட இருந்தா. பேச்சு வரல. என்னையே பாத்து வாயை வாயை அசைச்சா. என்னமோ சொல்ல வந்தா, எனக்கு வெளங்கல. நான்தான் பிளக்கைப் புடுங்க வேணாம்னு சொல்லிருந்தேன். அதைத்தான் கேக்குறாளோன்னு ஒரு மாசமா செத்துக்கிட்டிருக்கேன்." குரல் உடைந்தது. "உங்கிட்ட என்ன தாயி சொன்னா?"

நான் சொன்னேன். இடி விழுகுது, வேப்ப மரத்தடியில நிக்க வேணாம், வீட்டுக்கு வந்துரச் சொல்லு.

அவர் அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னைக்கு நான் கெணத்து வேப்ப மரத்தடியிலதான் ஒதுங்கி நின்னேன்," என்றார். "ஒருத்தர்கிட்டயும் சொல்லல."

அழுதார். அழுது முடித்து முகத்தைத் துடைத்தார். பெட்டியில் வில்லை வைக்காதவள் நான்தான் என்று மறுபடியும் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். அவர் காதில் அது ஏறவே இல்லை. "நீ சின்னப் புள்ள. மனசைப் போட்டு ஒலப்பிக்காத," என்று என் தலையில் கை வைத்தார்.

இடி விழுந்த அன்று அந்த வில்லை உள்ளே இருந்தும் அய்யம்மாள் போனாளா, இல்லாததால் போனாளா... எனக்கு இன்று வரை தெரியாது. கேட்கவும் ஆள் இல்லை.

அடுத்த பழனி பஸ் வந்தது. பொன்னழகு ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் கிளம்பும்போது வெளியே எட்டிப் பார்த்து, என்னைப் பார்த்து, இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார்.